தனியாக வைக்கச் சொன்ன தட்டு

தம்பி கோபிநாத் போன் செய்து, “அக்கா, சனி ஞாயிறு ரெண்டு நாளு பிள்ளைகளப் பாத்துக்கிறணும், வர முடியுமா?” என்று கேட்டபோது மணிமேகலை உடனே சரி என்று சொல்லிவிட்டாள். அறந்தாங்கியில் அவன் வீடு கட்டிக் குடிபோய் நாலு வருஷமாகிறது. குடிபுகுந்த அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு வந்தது, அதன்பிறகு பொங்கலுக்கு ஒரு தரம். அவ்வளவுதான். வா என்று யாரும் கூப்பிடவில்லை, அவளும் போகவில்லை. இப்போது கூப்பிடுகிறார்கள் என்றதும் அவளுக்கே தெரியாமல் ஒரு சந்தோஷம் வந்து ஒட்டிக்கொண்டது.

வனிதாவின் சித்தப்பா மகளுக்குக் கோயம்புத்தூரில் கல்யாணம். சின்னவளுக்குக் காரில் ஏறினால் வாந்தி வரும். வழக்கமாக வந்து பார்த்துக்கொள்ளும் வனிதாவின் அம்மா கண் ஆபரேஷன் செய்து படுத்திருக்கிறாள். வேறு ஆள் கிடைக்காமல்தான் தன்னைத் தேடியிருக்கிறார்கள் என்பது மணிமேகலைக்குப் புரிந்தே இருந்தது. புரிந்தாலும் வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் எலுமிச்சம்பழத்தோலைப் போட்டு, விரலிடுக்கு நகக்கண் விடாமல் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கட்டுமாவடி நண்டுக் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கிற கை அது. எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் கவிச்சி மிச்சமிருக்கும்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் போய் இறங்கினாள். வாசலிலேயே கார் புறப்படத் தயாராக நின்றது. வனிதா பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, “வாங்கண்ணி” என்று சொல்லி, கையில் ஒரு பாட்டிலை நீட்டினாள். “இதுல ரெண்டு சொட்டு விட்டுத் தேச்சுக்கங்க. கிருமியெல்லாம் போயிரும். பிள்ளைகளத் தொடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தரமும் போட்டுக்கங்க.”

மணிமேகலை தேய்த்துக்கொண்டாள். சாராய வாடை அடித்தது.

“பின்னாடி பாத்ரூம் இருக்கு, நீங்க அத யூஸ் பண்ணிக்கங்க. ஒங்களுக்குத் தட்டு, டம்ளரு எல்லாம் சமையக்கட்டு ஜன்னல்ல எடுத்து வச்சிருக்கேன். ஃபிரிட்ஜுல எல்லாம் இருக்கு. சின்னவ சாப்பிடலன்னா போனக் குடுங்க, பாத்துக்கிட்டே சாப்பிடுவா.”

கோபிநாத் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு, “வாரேன்க்கா” என்றான். இறங்கவில்லை. கார் போய்விட்டது.

உள்ளே நுழைந்ததும் மணிமேகலையின் மூக்கு விழித்துக்கொண்டது. கூடை வந்து இறங்கும்போதே, எது இன்றைக்குப் பிடித்த நண்டு, எது ஐஸில் மூன்று நாள் கிடந்தது என்று எட்ட நின்று சொல்கிறவள் அவள். ஹாலில் மல்லிகை வாசனை பூசியிருந்தது. சுவரில் மாட்டிய ஒரு சின்னப் பெட்டி பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ‘புஸ்’ என்று அதை அடித்துக்கொண்டிருந்தது. அந்த மல்லிகைக்கு அடியில் வேறு ஒன்று இருந்தது. புளித்த பால், ஈரத்துணி, காய்ந்த மூத்திரம், எங்கேயோ அழுகும் வாழைப்பழம். பளபளவென்று முகம் தெரிகிற டைல்ஸ் தரை. ஆனால் சோபா மெத்தையைத் தூக்கினால் அடியில் பிஸ்கட் தூள், கடித்துப் போட்ட கோழித்துண்டு, அதில் சாரை சாரையாக எறும்பு. அவள் மெத்தையை அப்படியே கீழே விட்டாள்.

“அத்தை, அங்கெல்லாம் பாக்கக் கூடாது” என்றாள் பெரியவள் இலக்கியா. எட்டு வயது. கதவோரம் நின்று மூக்கை இரண்டு விரலால் பிடித்திருந்தாள்.

“ஏன்டி மூக்கப் பிடிச்சிருக்க?”

“சும்மா.”

சின்னவள் பிரகதி ஒளிக்கவில்லை. நாலு வயதுக்கு ஒளிக்கத் தெரியாது. “அத்தே மேல மீனு நாத்தம்” என்று சொல்லிவிட்டு, மூக்கிலிருந்து மேலுதடு வரை வழிந்துகொண்டிருந்ததை நாக்கை நீட்டி நக்கினாள். மணிமேகலை முந்தானையால் துடைக்கப் போனால், பிள்ளை தலையைத் திருப்பிச் சுவரில் மூக்கைத் தேய்த்தாள். அந்த இடத்தில் ஏற்கெனவே பல நாள் தேய்த்துக் காய்ந்த பச்சைக் கோடுகள் நத்தை ஊர்ந்ததுபோல மினுங்கின.

நண்டின் குடலை, மீனின் செவுளை, அழுகிய கணவாயைத் தினமும் கையில் அள்ளுகிறவள்தான் அவள். அதெல்லாம் அவளை ஒன்றும் செய்ததில்லை. மனுஷ அசிங்கம் அவளுக்கு ஆகாது. பிள்ளை பெறவில்லை. கட்டியவன் மூன்றே வருஷத்தில் திருப்பூர்ப் பக்கம் போய் அங்கேயே ஒரு குடும்பத்தைத் தேடிக்கொண்டான். அதனால் பிள்ளை அசிங்கம் பழகவேயில்லை.

மத்தியானத்துக்குச் சோறு வடித்து ரசம் வைத்தாள். அப்பளம் இருக்கிறதா என்று பார்க்க ஃபிரிட்ஜைத் திறந்தவள் ஒரு எட்டு பின்னுக்கு வந்தாள். மேல் தட்டில் மூன்று வகைக் குழம்பு, மூடாமல். ஒன்றின் மேல் வெள்ளைப் பஞ்சுபோலப் பூஞ்சை பூத்திருந்தது. கீழே கடையில் வாங்கிய கிரில் சிக்கன் டப்பா. மூடியைத் தூக்கினாள். வெள்ளையாக வழவழவென்று மயோனைஸ், ஓரத்தில் மஞ்சள் தண்ணீர் பிரிந்து நின்றது. ஊசிப்போன வாடை பின்மண்டை வரைக்கும் ஏறியது.

“இது என்னைக்கு வாங்குனது?”

இலக்கியா யோசித்தாள். “எனக்கு டான்ஸ் கிளாஸ் இருந்துச்சுல்ல, அன்னைக்கு. செவ்வாக்கிழம.”

குப்பையில் கொட்ட டப்பாவைக் கையில் எடுத்துவிட்டாள். அப்புறம் யோசனை வந்தது. யாரைக் கேட்டுக் கொட்டினீர்கள் என்று வனிதா கேட்டால்? அடுத்தவள் ஃபிரிட்ஜ். எதற்கு வம்பு என்று மூடியை அழுத்தி, இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தாள். பிறகு அந்த ஒரு காரியத்துக்காக அவள் தன்னை எத்தனையோ தடவை திட்டிக்கொண்டாள்.

பிள்ளைகள் ரசத்தைத் தொடவில்லை. சின்னவள் வாயில் வாங்கிய சோற்றைப் பந்தாக உருட்டிக் கன்னத்தில் அடக்கி, அரை மணி நேரம் கழித்து மணிமேகலையின் உள்ளங்கையிலேயே துப்பினாள். எச்சிலோடு வெதுவெதுப்பாக, கொழகொழவென்று விழுந்தது. “ஐயே!” என்று உதறினாள். பிள்ளைக்கு அது விளையாட்டாகிவிட்டது. இன்னொரு வாய் வாங்கி மறுபடியும் துப்பினாள். கடைசியில் போனைக் கொடுத்தபிறகுதான் சோறு உள்ளே இறங்கியது. தான் சாப்பிட உட்கார்ந்தபோது, அலமாரியில் அடுக்கியிருந்த பீங்கான் தட்டுகளில் மேலாக இருந்த ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டாள். வனிதா ஜன்னல் என்று சொன்னது அவளுக்கு ஞாபகம் வரவில்லை. இலக்கியா அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் இலக்கியாவுக்குத் தலைவார உட்கார்ந்தாள். முடியில் ஸ்ட்ராபெர்ரி வாசனை, காதோரம் வரிசையாகப் பூப்போட்ட கிளிப்புகள். ஒரு வகிடு எடுத்ததும் மணிமேகலையின் கை நின்றுவிட்டது. முடி வேரில் ஈர் வெள்ளை மணிமணியாகக் கோத்துக் கிடந்தது. பிடரியில் பேன் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடியது. சொறிந்து சொறிந்து பொருக்குத் தட்டி, அதற்கடியில் சீழ் வேறு. கிளிப்பும் சென்ட்டும் போட்டு மூடி வைத்திருக்கிறார்களே என்று நினைத்தபோது அவளுக்குப் பேனைவிட அந்தக் கிளிப்புகளைப் பார்க்கத்தான் அதிகம் அருவருத்தது.

“அரிக்கலையாடி ஒனக்கு?”

“அரிக்கும். அம்மாகிட்ட சொல்லாதீங்க அத்தை. ஒருநாளு சொன்னதுக்கு, ஸ்கூல்ல கண்ட பிள்ளைக பக்கத்துல ஒக்காந்தியான்னு அடிச்சாங்க.”

பேப்பரை விரித்து, ஈருளியால் இழுத்தாள். பொலபொலவென்று உதிர்ந்தன. நகத்துக்கு நடுவே வைத்து நசுக்கும்போது வருகிற அந்த ‘டிக்’ சத்தமும், நகத்தில் ஒட்டுகிற கறுப்பு ரத்தமும் அவளுக்கு உடம்பைக் கூசவைத்தன. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாள். முடிந்தபோது இலக்கியா அவள் மடியிலேயே தூங்கியிருந்தாள். அந்தத் தலையைத் தள்ளவும் மனசில்லை, வைத்திருக்கவும் பிடிக்கவில்லை. அப்படியே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

எட்டு மணிக்கு வனிதா வீடியோ காலில் வந்தாள். பிள்ளைகள் ஹாலில் போனைப் பிடித்துக்கொண்டு பேச, மணிமேகலை சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அத்தை என்ன பண்றாங்க?”

“பாத்திரம் கழுவுறாங்க. அம்மா, அத்தை நம்ம பூப்போட்ட தட்டுல சாப்பிட்டாங்க.”

குரலைத் தணித்து வனிதா சொன்னது குழாய்த் தண்ணீரையும் மீறி மணிமேகலைக்குக் கேட்டது. “சரி விடு, சத்தமாச் சொல்லாத. அந்தத் தட்ட மட்டும் தனியா எடுத்து வையி. அம்மா வந்து பாத்துக்கிறேன்.”

மணிமேகலை ஜன்னலைப் பார்த்தாள். அங்கே ஒரு பிளாஸ்டிக் தட்டும் விளிம்பு நசுங்கிய டம்ளரும் இருந்தன. வீடு துடைக்க வரும் பெண்ணுக்கு வைக்கிற தட்டு அது என்று பார்த்ததுமே தெரிந்தது. ஓரத்தில் பழைய குழம்புக் கறை மஞ்சளாக ஏறியிருந்தது. அந்தப் பெண்ணுக்கும் இதே தட்டு, தனக்கும் இதே தட்டு. தன் தம்பி வீடு. தன் அம்மா பிரகதாம்பாள் பெயரைத்தான் சின்னவளுக்கு வைத்திருக்கிறார்கள்.

இலக்கியா மெதுவாகச் சமையலறைக்குள் வந்து தேடினாள். “அத்தை, நீங்க சாப்பிட்ட தட்டு எங்க?”

“கழுவி வச்சிட்டேன்.”

“எது?”

அலமாரியில் பன்னிரண்டு தட்டுகள் ஒன்றுபோல அடுக்கியிருந்தன. மணிமேகலை கழுவிய தட்டைத் துடைத்து, நடுவில் எங்கோ செருகியிருந்தாள். “தெரியலையே” என்றாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் அவள் எந்தத் தட்டிலும் சாப்பிடவில்லை. முக்குக்கடையில் வாங்கிய பன்னையும் பழத்தையும் வாசற்படியில் உட்கார்ந்து தின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்பக்கம் குளிக்கப் போனாள். திரும்பி வந்தபோது சின்னவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருக்க, வாயைச் சுற்றி வெள்ளை அப்பியிருந்தது. இலக்கியா கிரில் சிக்கன் டப்பாவை அவசரமாக ஃபிரிட்ஜுக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“ஏய்! அதையா குடுத்த?”

“அவதான் பசிக்குதுன்னு அழுதா. நீங்க குளிச்சிக்கிட்டிருந்தீங்க.”

“எத்தன துண்டு?”

“மூணு. வெள்ளச் சாஸ் நெறைய நக்குனா.”

மணிமேகலை சின்னவளின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள். பிள்ளை கடித்தாள். ஒன்றும் வெளியே வரவில்லை. பதினொன்றரைக்கு வந்தது. சோபாவில், தரையில், மணிமேகலையின் மடியில், அவிழ்த்துவிட்ட ஈரக்கூந்தலில். புளிப்பும் கோழியும் பாலும் கலந்த வெதுவெதுப்பான கொழகொழப்பு அவள் கழுத்து வழியாக ரவிக்கைக்குள் இறங்கியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் கீழேயும் கழிந்துவிட்டது. பச்சைத் தண்ணீராக, அவள் கையோடு வழிந்தது. சுவரில் அந்தப் பெட்டி ‘புஸ்’ என்று மல்லிகையை அடித்தது. அந்த மல்லிகைதான் அவளைக் கவிழ்த்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே தொட்டியில் குனிந்து ஓங்கரித்தாள். தின்ற பன் முழுதும் வெளியே வந்தது.

“சீ, என்ன பொழப்புடா இது!” என்று அழுகையும் ஆத்திரமுமாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே பிள்ளையைக் கழுவினாள். கழுவி முடித்ததும் மறுபடியும் கழிந்தது. மூன்றாம் தடவை பிள்ளையின் கழுத்து துவண்டு அவள் தோளில் விழுந்தபோது, அருவருப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஒரு துண்டைச் சுற்றி, இலக்கியாவைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடி ஆட்டோவை நிறுத்தினாள்.

ஆட்டோவில் இலக்கியா விசும்பினாள். “அத்தை, நாந்தான் குடுத்தேன்னு அம்மாகிட்ட சொல்லாதீங்க. அம்மா கொன்னுருவாங்க.”

“சரி.”

“சத்தியமா?”

“சொல்ல மாட்டேன்டி. இங்கிட்டு வா, இவ காலப் புடி.”

ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, கெட்டுப்போன சாப்பாட்டால் வந்தது என்று எழுதிக் கொடுத்தார். நாலு மணிக்கு வீட்டுக்குத் திரும்பினார்கள். சின்னவள் கண்ணைத் திறந்து உப்புச் சர்க்கரைக் கரைசல் குடித்தாள். மணிமேகலை சோபாவையும் தரையையும் மூன்று வாளித் தண்ணீர் விட்டுக் கழுவினாள். ஃபிரிட்ஜை மட்டும் தொடவில்லை. தொட அவளுக்குத் தெம்பில்லை.

ஐந்தரைக்குக் கார் வந்தது. போனிலேயே விஷயம் தெரிந்திருந்ததால் வனிதா உள்ளே வரும்போதே சத்தமாக வந்தாள். சின்னவளைத் தூக்கி முகர்ந்தாள். “என்னத்தக் குடுத்தீங்கண்ணி பிள்ளைக்கு? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, தொடும்போதெல்லாம் கையில அதப் போட்டுக்கங்கன்னு. போட்டீங்களா? மீனக் கீனக் கொண்டாந்தீங்களா?”

“நான் எதுவும் கொண்டாரல.”

“இலக்கியா, நீ சொல்லு. அத்தை பாப்பாவுக்கு என்ன குடுத்தாங்க?”

இலக்கியா தரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, மணிமேகலையை நேராகப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “அத்தை ஊர்ல இருந்து மீன் வறுத்துக் கொண்டாந்தாங்க. பாப்பாவுக்கு அதத்தான் ஊட்டுனாங்க.”

வாய் நடுங்கவில்லை. கண் சிமிட்டவில்லை. நேற்று மடியில் தூங்கிய அதே முகம். மணிமேகலைக்கு அந்தக் கன்னத்தில் ஒன்று விட வேண்டும்போலக் கை துடித்தது. துடித்த கையை நினைத்து அடுத்த நொடியே தன்மேலும் குமட்டியது. எட்டு வயதுப் பிள்ளை. பயந்துபோய் எதையோ பிடித்துக்கொள்கிறது. எதைப் பிடித்தால் இந்த வீட்டில் எடுபடும் என்று அதற்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

“பாத்தீங்களா?” என்று வனிதா கணவனிடம் திரும்பினாள். கோபிநாத் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனில் எதையோ தடவிக்கொண்டிருந்தான்.

மணிமேகலை சமையலறைக்குப் போனாள். டப்பாவை எடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் வனிதாவுக்கு முன்னால் வைத்து மூடியைத் திறந்தாள்.

“மோந்து பாரு.”

“என்னது?”

“மோந்து பாரு வனிதா. எம் மேல இருக்குற நாத்தம் ஒனக்கு வாசல்லயே தெரியுதுல்ல? இது தெரியலயா? இத யாரு வாங்குனது, என்னைக்கு வாங்குனது, எத்தன நாளா உள்ள கெடக்குன்னு நீயே யோசிச்சுக்க. டாக்டரம்மா எழுதுன சீட்டு மேஜையில இருக்கு.”

வனிதா குனிந்தவள், வாயைப் பொத்திக்கொண்டு தொட்டிப் பக்கம் ஓடினாள். யார் ஊட்டியது என்று மணிமேகலை சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். தன் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கேட் தாண்டுவதற்குள் கோபிநாத் கார்ச் சாவியோடு பின்னால் வந்தான். “அக்கா, நில்லுக்கா. பஸ் ஸ்டாண்டுல விடுறேன். அவ ஏதோ டென்ஷன்ல பேசிட்டா. நீ மனசுல வச்சுக்காத.”

“எனக்கு எந்தத் தட்டு வைக்கிறாங்கன்னு ஒனக்குத் தெரியுமாடா?”

அவன் பார்வையைச் சாவிக்குத் தாழ்த்தினான். தெரிந்திருக்கிறது.

“பிள்ளைக பீ மூத்தரமெல்லாம் அள்ளிட்டேன். அது கழுவுனாப் போயிருச்சு. ஒன்னப் பாத்தாத்தான் எனக்கு ஓங்கரிக்குது. வராத, உள்ள போ.”

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி அவள் தலையில் காய்ந்திருந்த வாந்தி நாற்றம் தாங்காமல் எழுந்து வேறு இடம் போனாள். மணிமேகலை ஜன்னல் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். அழுகை வரவில்லை. வாய் முழுக்கப் புளிப்பாக இருந்தது.

மறுநாள் கம்பெனியில் நண்டு உடைத்துக்கொண்டே பக்கத்தில் உட்காரும் நசீராவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நசீரா கையில் இருந்த நண்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். தட்டு விஷயம் வந்தபோது, “தூ!” என்று ஓரமாகத் துப்பினாள். அப்புறம், “புள்ளைக்குச் சரியாயிருச்சாக்கா?” என்று கேட்டாள்.

அதைக் கேட்காமலே விட்டுவிட்டோமே என்று மணிமேகலைக்கு உறைத்தது. சாப்பாட்டு நேரத்தில் கோபிநாத் நம்பருக்குப் போட்டாள். இலக்கியா எடுத்தாள். ஸ்கூலுக்குப் போகவில்லையாம், அப்பா போனை வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறாராம்.

“பாப்பா எப்படி இருக்கா?”

“இட்லி சாப்பிட்டா. போன் பாத்துக்கிட்டிருக்கா.” கொஞ்சம் நிறுத்தி, இலக்கியா குரலைத் தணித்தாள். “அத்தை, நான் அம்மாகிட்டச் சொல்லிட்டேன்.”

“என்னன்னு?”

“நாந்தான் சிக்கன் குடுத்தேன்னு. மீனெல்லாம் பொய்யின்னு.”

“அடிச்சாங்களா?”

“இல்ல. அடிக்கவேயில்ல. இத அத்தைகிட்டச் சொல்லிறாதன்னு மட்டும் சொன்னாங்க.”

மணிமேகலைக்கு இரண்டு நாளில் கண்டது, துடைத்தது, மேலே பட்டது எதுவும் அந்த ஒரு வார்த்தை அளவுக்கு அருவருக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவை மூடி ஓரமாகத் தள்ளினாள்.

“அப்புறம் ஏன்டி எங்கிட்டச் சொல்ற?”

“தெரியல” என்றாள் இலக்கியா.

அன்றைக்குச் சாயங்காலம் கோபிநாத்தைக் கூப்பிட்டு, இனி அந்த வீட்டுப் படி ஏறுவதில்லை, பிள்ளைகளை வேண்டுமானால் இங்கே கொண்டுவந்து விடு என்று சொன்னாள். அவன், “சரிக்கா” என்றான். இரண்டு மாதமாகிறது, கொண்டுவரவில்லை. வனிதா ஒரு வார்த்தை பேசவில்லை. இலக்கியா மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா குளிக்கப் போகிற நேரம் பார்த்துப் போன் செய்கிறாள். கணக்குப் பரீட்சை, சண்டை போட்ட சினேகிதி, பாப்பாவுக்கு விழுந்த அடி என்று ஏதேதோ சொல்வாள். பாத்ரூம் கதவு திறக்கிற சத்தம் கேட்டதும், பேசிக்கொண்டிருக்கிற பேச்சில் பாதியிலேயே வைத்துவிடுவாள்.